காலி இடம் என்று சொன்னாயாமே

சதீஷ்,

அன்புள்ள என்று போட்டு ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அந்த வார்த்தை எங்கேயும் ஓடிப்போய்விடாது, கடிதத்துக்குள் எங்கேயாவது கிடக்கும், தேடி எடுத்துக்கொள். இப்போதைக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. ஃபோனில் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், என் குரல் கொஞ்சம் உயர்ந்த உடனே "மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஆபீசில் மீட்டிங் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் மெஷினில் உட்கார்ந்து தைத்து, பிறகு லைன் சூப்பர்வைசராக நின்று, அத்தனை சத்தத்துக்கும் மேலே கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. அதை ஒரு பட்டனை அழுத்தி அடக்கிவிடலாம் என்று நினைக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் படிக்காமல் மூடி வைத்துவிடுவாய். ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறாரே ரஃபீக் பாய், அவர் மகள் இதை டைப் செய்து நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். உன்னோடு பந்து உதைத்த பையன்கள் எல்லோரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கும் இது உறைக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா வந்திருந்தாள். ஆவணியில் உன் மனைவியாகப் போகிறவள், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் காட்ட வந்தாள். காபி குடித்து முடித்ததும், "ஆண்ட்டி, நம்ம ஃப்ளாட் வர்ற சைட்டு பக்கத்துலதான்னு சொன்னாரு, பாத்துட்டுப் போலாமா?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டிப் போனேன். நம் சந்தில் எதிரே வந்த ஒரு ஸ்கூட்டருக்கு இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி வழி விட்டு, அந்தப் பக்கம் வெளியே வந்தால் கிரவுண்டு. ஞாயிறு மேட்ச் நடந்துகொண்டிருந்தது. ரஃபீக் பாய் விசிலைக் கடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு வெளியே தாத்தாக்கள், கொடியில் காயும் போர்வைகள், வேர்க்கடலை வண்டி. அந்தப் பெண் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்க ஆண்ட்டி?" என்றாள். "நீ நிக்கிற எடந்தாம்மா" என்றேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். யாரோ படுத்திருக்கும் பாயை மிதித்துவிட்டவள் மாதிரி சட்டென்று பின்னால் நகர்ந்தாள். பிறகு மெதுவாக, "காலி சைட்டுன்னுல்ல சொன்னாரு" என்றாள்.

காலி இடம். அந்த வார்த்தை ஒரு வாரமாக என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. யாரோ ஊர் பேர் தெரியாத புரோக்கர் சொல்லியிருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன். சொன்னது நீ. அந்த மண்ணில் முட்டி தேய்த்து வளர்ந்த நீ. எப்படிடா வாய் வந்தது உனக்கு?

உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, நான் ஞாபகப்படுத்துகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் நான் ஃபேக்டரியில் சேர்ந்தேன். அப்பா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், அவர் ஷிப்ட் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. உனக்கு மத்தியானமே பள்ளி விட்டுவிடும். எனக்கு இருட்டின பிறகுதான் விடும். நடுவில் இருக்கிற நேரத்துக்கு உன்னை யாரிடம் விடுவது? ஊரிலிருந்து ஆளைக் கூப்பிட வசதியில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட அப்போது கையில் எதுவும் இல்லை. நம் தெருவில் என்னைப் போல் தைக்கப் போன பெண்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். வீட்டுச் சாவியை ரஃபீக் பாய் கடையில் கொடுத்துவிட்டு, உன்னை கிரவுண்டில் விட்டேன். அவ்வளவுதான். தாகம் எடுத்தால் அவர் கடைப் பானையில் தண்ணீர். அடிபட்டால் அவர் கடைச் சுண்ணாம்பு. சண்டை வந்தால் பெரிய பையன்கள் விலக்கிவிடுவார்கள். நான் இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வரும்போது கோல் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு, புழுதி அப்பிய முகத்தோடு நீ நிற்பாய். அம்மா என்று ஓடி வர மாட்டாய், "இன்னும் ஒரு கோல் மா" என்பாய். உன்னை வளர்த்தது நான் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பாதி நேரம் வளர்த்தது அந்த மண்தான்.

அது முதலில் பழைய கிராமத்தின் மாடு மேய்ந்த நிலம். பெங்களூர் வளர்ந்து வளர்ந்து அந்தக் கிராமத்தை விழுங்கியது, மாடுகள் போயின, இந்த ஒரு துண்டு மட்டும் எப்படியோ மிஞ்சியது. நம் சந்துகளைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீடு, அதன் மேல் ஒரு தகர ஷெட், அதிலும் வாடகைக்கு ஒரு குடும்பம். வாசலில் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் சாக்கடையில் நிற்க வேண்டும். அதனால் இங்கே யார் வீட்டு விசேஷமும் வீட்டில் நடந்ததில்லை. சடங்கு, நிச்சயதார்த்தம், கல்யாணச் சாப்பாடு எல்லாம் கிரவுண்டில்தான். இதற்கு யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்: சனிக்கிழமை ராத்திரி எவ்வளவு பெரிய பந்தல் போட்டாலும் ஞாயிறு மேட்சுக்கு முன்னால் பிரித்துவிட வேண்டும். சாவு விழுந்தால் பந்து உருளாது. கோல் போஸ்ட்டின் வலையை அவிழ்த்துச் சுற்றி வைத்துவிடுவார்கள். எடுத்து முடித்து, தண்ணீர் தெளித்த பிறகுதான் வலையைக் கட்டுவார்கள். எந்த மதத்து வீட்டுச் சாவாக இருந்தாலும் அப்படித்தான்.

உன் அப்பாவை எங்கே கிடத்தினோம் என்று கீர்த்தனாவிடம் சொன்னாயா? நம் சந்துக்குள் ஐஸ் பெட்டி நுழையவில்லை. அவரைத் தூக்கி வந்து கிரவுண்டின் மேற்கு மூலையில், அந்தப் புங்க மரத்துக்குக் கீழே வைத்தோம். டிப்போவிலிருந்து டிரைவர்களும் கண்டக்டர்களும் சீருடையோடு வந்து வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு அரையிறுதி மேட்ச். வெளியூர் டீம் வந்து இறங்கியிருந்தது. நீதான் அப்போது நம் டீம் கேப்டன். யாரும் யாரையும் கேட்கவில்லை, இரண்டு டீம் பையன்களும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் வந்து அப்பாவுக்குத் தோள் கொடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்து நீ, "இவ்ளோ பேரா மா அப்பாவுக்கு?" என்று கேட்டாய். நீ எனக்கு அனுப்பியிருக்கிறாயே ஒரு படம், உன் அபார்ட்மெண்ட் எப்படி வரப்போகிறது என்று கலர் கலராக, அதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்கு மூலையில் நீச்சல் குளம் போட்டிருக்கிறார்கள். நீல நிறத்தில் இருக்கிறது. சாய்ந்து படுக்க நாற்காலிகூட இருக்கிறது.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ பாதிதான் கேட்டிருப்பாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பால் வாங்கப் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். கிரவுண்டைச் சுற்றித் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய நிலக்காரரின் வாரிசு என்று யாரோ ஒருவர், அவரிடம் வாங்கினோம் என்று ஒரு பில்டர். இத்தனை வருடமும் அந்த வாரிசு எங்கே இருந்தாரோ. நாங்கள் போய் ஜேசிபிக்கு முன்னால் உட்கார்ந்தோம். நானும்தான். இந்த முட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். போலீஸ் வந்தது, கவுன்சிலராக இருந்தவர் வந்தார், டிவிக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலம் பில்டரின் ஆட்கள் தகரத்தைப் பாதி பிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரி நீ ஃபோனில், "சூப்பர் மா, டிவில உன்னப் பாத்தேன், ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்னேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பி நான் எத்தனை நாள் வெயிலில் நின்றேன் தெரியுமா?

அதற்குப் பிறகுதான் நாங்கள் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தோம். சுவரோரம் யாரும் ஒன்றுக்குப் போகக்கூடாது என்றால் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டுகிற ஊர் இது. எங்களுக்கும் புத்தி அந்தப் பக்கம்தான் போயிற்று. கிரவுண்டைக் காப்பாற்ற நாங்கள் போட்ட கமிட்டியின் தலைவர் தனசேகர் அண்ணன் சொன்னார்: "ஒரு அம்மன உக்கார வெச்சிடுவோம். சாமி மேல கைய வெக்க எந்த ஜேசிபிக்காரனுக்கும் தில்லு வராது." எல்லோரும் தலையாட்டினோம். வடக்கு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் குத்தி, ஒரு பல்பு போட்டோம். நான்தான் முதல் குடம் தண்ணீர் ஊற்றினேன். ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்சினோம். ஒரு மாதம் யாரும் வரவில்லை, எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம். கமிட்டிக் கூட்டம்கூட அம்மன் முன்னால் தீபாராதனை காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தது. இத்தனை வருடம் அந்த கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் ரஃபீக் பாய். அவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "பர்வா இல்லக்கா, நீங்க பேசி முடிச்சிட்டு சொல்லுங்க" என்றார். எதிர்ச் சந்து ஸ்டெல்லா டீச்சர் வருவதை நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் சொந்தமான இடத்தைக் காப்பாற்றப் போய், பாதிப் பேருக்கு அந்நியமாக்கிவிட்டோம். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பில்டரின் மண்டையில் ஏறிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய ஆள் வெள்ளைச் சட்டையோடு வந்தார். தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார். தேங்காய் உடைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தேவஸ்தான நாவே கட்டிஸி கொடுத்தீவி அம்மா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அதாவது, கோயிலை அவர்களே கட்டித் தருவார்களாம். கருங்கல்லில், கோபுரத்தோடு, அபார்ட்மெண்ட் வாசலுக்குப் பக்கத்தில். தனசேகர் அண்ணன்தான் தர்மகர்த்தா. மறுநாள் அவர் என் வாசலில் வந்து நின்று, "சாமிக்கு நல்லது நடக்குதுன்னா நாம குறுக்க நிக்கலாமாம்மா?" என்றார். "அப்ப பசங்க எங்கண்ணா வெளாடும்?" என்று கேட்டேன். "இப்பல்லாம் பசங்க எங்க வெளாடுது, எல்லாம் செல்லுலதான" என்றார். அவர் பேரன் அந்த நிமிடம் கிரவுண்டில் ஆடிக்கொண்டிருந்தான். கமிட்டியில் பாதிப் பேர் அவர் பக்கம் போய்விட்டார்கள். யாரையும் விரட்டியடிக்காமல், ஒரு தேங்காயை உடைத்து எங்களையும் உடைத்துவிட்டுப் போனார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனோம். இப்போதைக்கு எதுவும் கட்டக்கூடாது என்று தடை வாங்கினோம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று அழகாகச் சொன்னார்: இது மைதானமே இல்லை, தனியாருடைய காலி நிலம், யாரும் இங்கே விளையாடியது கிடையாது, சமீபத்தில் சிலர் ஒரு கல்லை நட்டு வளைத்துப்போடப் பார்த்தார்கள். அதற்கு எங்கள் அம்மனின் போட்டோவையே நீட்டினார். மாலை போட்டு, நான் பக்கத்தில் குடத்தோடு நிற்கிற போட்டோ. எங்கள் வக்கீலம்மா சின்னப் பெண். வெளியே வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இங்க குடியிருக்கிறவங்க சொன்னா, தங்களுக்காகச் சொல்றாங்கன்னுடுவாங்க. சின்ன வயசுலருந்து இங்க வெளாடினவங்க, இப்ப வேற எடத்துல இருக்கிறவங்க, இதுல ஒரு லாபமும் இல்லாதவங்க வந்து சாட்சி சொல்லணும். அப்டி யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எம் பையன் இருக்கான். டீமுக்கே கேப்டன். படிச்சவன். ஜட்ஜு முன்னாடி இங்கிலீஷ்ல பேசுவான்" என்றேன். அந்தப் படிக்கட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது.

அன்றைக்கே உனக்கு ஃபோன் செய்தேன். சாட்சிக்கு வரச் சொன்னேன். நீ, "மா, ஒன்னு சொல்லணும், கோச்சிக்காத. நா ஒரு ஃப்ளாட் புக் பண்ணியிருக்கேன்" என்றாய்.

"நல்லதுதான. எங்க?"

"அங்கதாம்மா. கிரவுண்டு ப்ராஜெக்ட்ல. பன்னெண்டாவது மாடி. கல்யாணத்தன்னிக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்."

நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாய். கேஸ் எப்படியும் நிற்காதாம். ஆபீசில் எல்லோரும் சொல்கிறார்களாம். "நாம வாங்கலன்னா இன்னொருத்தன் வாங்குவான்மா." இப்போது சாட்சி சொன்னால் புக்கிங் போய்விடுமாம், கீர்த்தனா வீட்டில் என்ன நினைப்பார்களாம். கடைசியில் சொன்னாய் பார்: "உனக்காகத்தாம்மா. முட்டிய வெச்சிக்கிட்டு இன்னும் எத்தினி நாளு அந்தப் படி ஏறுவ? லிஃப்ட் இருக்கு. உனக்குன்னு தனி ரூம்பு. பால்கனில நின்னா நம்ம தெருவே தெரியும்."

எனக்காகவாம். சதீஷ், இதைக் கவனமாகப் படி. நீ உனக்காக வாங்கியிருந்தால் இந்த அளவு கோபம் வந்திருக்காது. சின்ன வயசு, சொந்த வீடு ஆசை, இந்த ஊரில் வாடகை கொடுத்து மாளாது, எனக்கும் தெரியும். தப்பு உன்னுடையது, நீ சுமந்துகொள் என்று விட்டிருப்பேன். அதைத் தூக்கி என் முட்டியின் மேல் வைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு இந்தத் தெருப் பெண்கள் என்னைப் பார்த்து, இவள் முட்டி வலிக்காக நம் பிள்ளைகளின் கிரவுண்டு போயிற்று என்று பேசவா? பன்னிரண்டாவது மாடி பால்கனியில் நின்று நான் என்னத்தைப் பார்ப்பேன்? ஃபேக்டரிக்குப் போய்விட்டு ஓடி வருகிற இன்னொரு அம்மா, பிள்ளையை எங்கே தேடுவது என்று தெரியாமல் ரோட்டில் நிற்பதைப் பார்ப்பேன். நம் மாடியில் குடியிருக்கும் செல்வி அப்படித்தான் ஓடி வருகிறாள். அவள் மகன் அந்த கோல் போஸ்ட்டில்தான் சாய்ந்து நிற்கிறான். உன் இடத்தில். அவனுக்கு நீ என்ன சொல்லப் போகிறாய், இது காலி இடம்தானப்பா, வேறு எங்காவது போய் நில் என்றா?

உன்னை மட்டும் வறுத்தெடுத்துவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. போன வாரம் வக்கீலம்மாவிடம் போய் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு வந்தேன். கோர்ட்டில் நான் சாட்சி சொல்லும்போது அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டால், அது காலங்காலமாக இருக்கிற அம்மன் இல்லை, பயத்தில் நாங்கள் நட்டு வைத்தது, முதல் குடம் ஊற்றியது நான்தான் என்று சொல்லப் போகிறேன். வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினாள். "இது தெரிஞ்சா உங்க தெருவுல உங்கள சும்மா விடமாட்டாங்களேம்மா" என்றாள். விடவில்லை. அதற்குள் செய்தி பரவிவிட்டது. அம்மனையே மறுதலிக்கிறவள் என்று தனசேகர் அண்ணன் வீட்டில் பேசுகிறார்கள். இத்தனை வருடம் என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்த சரோஜா, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, தாயே, உன்னைக் காவலுக்கு வைத்தது எங்கள் தப்பு, நீ எங்களைப் பொறுத்துக்கொள், ஆனால் பொய் சொல்லச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பந்து வந்து சூலத்தில் பட்டுத் திரும்பியது. செல்வி மகன் ஓடி வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அம்மனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மனுக்கே அங்கே ஃபுட்பால் பார்க்கத்தான் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரஃபீக் பாயிடமும் போனேன். "பாய், எங்களை மன்னிச்சிடுங்க, அந்தக் கல்ல வெச்சப்ப உங்கள ஒரு வார்த்த கேக்கல" என்றேன். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "அதெல்லாம் போவட்டும்க்கா. உங்க பையன் எப்ப வர்றான் சாட்சிக்கு? அவன் வந்தா போதும், கேஸு நம்ம பக்கம்தான்" என்றார். உன் முதல் பூட்ஸ் அவர் வாங்கிக் கொடுத்தது. அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை அவர் மகள் டைப் செய்யும்போது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் உன்னைத் திட்ட மாட்டார். அந்த மனிதர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. உனக்கு அதுதான் வலிக்கும், வலிக்கட்டும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், புத்தி சொல்லாமல் அனுப்பினால் நான் என்ன அம்மா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவளிடம் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்துக் குடித்தனம் ஆரம்பிக்காதே. அன்றைக்கு கிரவுண்டிலிருந்து திரும்பி வந்ததும் கீர்த்தனா வாசலில் நின்று, "ஆண்ட்டி, அவரு இங்கதான் வெளாடுவாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்கிட்ட ஃபுட்பால் பத்தி அவ்ளோ பேசுவாரு, எங்கன்னு மட்டும் சொன்னதே இல்ல" என்றாள். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். அவளுக்கு உன் மேல் கோபமில்லை, அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். கோபத்துக்காவது நான் இருக்கிறேன், சத்தம் போட்டுத் தீர்த்துவிடுவேன். யோசிக்கிற பெண்ணுக்கு நீதான் பதில் சொல்லியாக வேண்டும். உன் அப்பா சம்பளத்தில் குறைவானவர், பேச்சில் முரடர், ஆனால் எங்கே நின்று என்ன செய்தாலும் அதை என்னிடம் வந்து சொல்லிவிடுவார். நாங்கள் அத்தனை சண்டைக்குப் பிறகும் பிரியாமல் இருந்தது அதனால்தான்.

உன் கல்யாணத்துக்கு வருவேன். நீ பிடித்திருக்கும் அந்த ஏசி ஹாலுக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பாவுக்கும் சேர்த்து அட்சதை போடுவேன். அதில் சந்தேகமே வேண்டாம், நீ என் பிள்ளை. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது மாடிக்கு நான் வர மாட்டேன். பால் காய்ச்சக் கூப்பிடாதே. என் பெயரில் தனி அறை போட்டிருக்கிறாய் அல்லவா, அதில் துணி காயப் போட்டுக்கொள். நான் இந்த மாடிப்படியிலேயே ஏறி இறங்கிக்கொள்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை கேஸ். அன்றைக்கு என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். நீ புக்கிங்கை விடுவதும் விடாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். வந்து பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். நான் இங்கே விளையாடினேன் என்று மட்டும் சொல். அது பொய்யில்லையே? அதற்கு மேல் உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சொல்ல முடியாது என்றாலும் வா. வந்து, அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களும் ரஃபீக் பாயும் உட்கார்ந்திருக்கும்போது, என் முகத்தைப் பார்த்து, அது காலி இடம்தான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போ. அதன் பிறகு நான் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன்.

கோர்ட் ஹால் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட்டுக்கு எப்போதும் கூட்டம், நான் படியில்தான் ஏறுகிறேன், ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று. சீக்கிரமே போய்விடுவேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் பையை வைத்து உனக்கு இடம் பிடித்திருப்பேன். யார் கேட்டாலும் என் மகன் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். காலி இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், அன்றைக்கு வந்து அதைப் பார்.

அம்மா